ஹட்டனில் ஒரு வாடகை வீடு: எட்டு வருடக் கணக்கு

2017இல் ஹட்டன் டவுனிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத் தூரத்தில் ஒரு மாடி வீடு வாங்கினேன். பன்னிரண்டு பேர்ச்சஸ், சரிவை வெட்டிச் சமப்படுத்திய காணி, பின்னால் மண்ணைத் தாங்க ஆளுயரத்துக்கு மேல் கல் மதில், உள்ளே சேரும் தண்ணீர் வடிய அதில் பைப்புகள். நான் இருப்பது கொழும்பு கொட்டாஞ்சேனையில். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்தவளுக்கு உறுதிப் பத்திரத்தில் தன் பெயரைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மயக்கத்தில்தான் கணக்கும் போட்டேன்.

கணக்கு இதுதான். கீழ் வீடு ஒரு டீச்சர் குடும்பத்துக்கு மாதம் 18,000. மேலே மூன்று அறைகள் சிவனொளிபாதமலை யாத்திரை சீசனுக்கு, ஓர் அறை ஓர் இரவுக்கு 3,500. சீசன் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை போகும், ஐந்து மாதம். மேல் மாடி வங்கித் தவணை 44,000ஐப் பார்த்துக்கொள்ளும், கீழ் வீட்டுக் காசு எனக்கு. முதல் சீசன் கொப்பியில் எழுதியபடியே வந்தது. வாடகைக்கு வருகிறவர் ஏமாற்றுவார் என்று மட்டும் எல்லோரும் பயமுறுத்தினார்கள். அதனால் டீச்சரிடம் ஆறு மாத அட்வான்ஸ் வாங்கினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பு. அந்த சீசனின் கடைசி மாதம் போனது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. அடுத்த சீசனும் கொரோனாவோடு கழிந்தது. 2022இல் பெட்ரோல் வரிசை. பஸ்ஸே ஓடாதபோது மலைக்கு யார் வருவார்கள்? நான்கு சீசன் இப்படி. வங்கி தவணையை ஒத்திவைத்தது உண்மை. ஆனால் வட்டி உறங்கவில்லை.

பெரிய அடி அந்த வட்டியில்தான் விழுந்தது. கடன் எடுக்கும்போது ‘மாறும் வட்டி’ என்ற வரியில் கையெழுத்துப் போட்டேனே தவிர, அது எவ்வளவு தூரம் மாறும் என்று கேட்கவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகள் ஏற்றியது. என் தவணை 72,000 ஆனது. பதினான்கு மாதம் அப்படியே கட்டினேன்.

அந்தக் காலத்தில் மேல் மாடியை ஃபோன் கடை வைத்திருந்த ஒருவருக்கு வாய்ப்பேச்சில் கொடுத்தேன். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு (பத்திரம் எழுதி உறுதிப்படுத்தும் சட்டத்தரணி) முன்னால் எழுத வேண்டும் என்பது 1840இலிருந்து இருக்கிற சட்டம். தெரிந்தும் செலவுக்குப் பயந்து விட்டுவிட்டேன். நான்கு மாத வாடகையைப் பாக்கி வைத்துவிட்டு ஓர் இரவில் போய்விட்டார், கீசரையும் கழற்றிக்கொண்டு. கழற்றிய இடத்தில் சிமெந்து பூசி மட்டமாக்கியிருந்தார். ஒழுங்கான மனிதர். எல்லாம் சேர்த்து 1,15,000 நட்டம். ஊரெல்லாம் பயமுறுத்திய ஆபத்து அவ்வளவுதான். வாசலுக்கே வராமல் வட்டி கொண்டுபோனது கிட்டத்தட்ட நான்கு லட்சம்.

இன்னொன்று, கரண்ட் பில். இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர். யூனிட் கூடக் கூட விலைப்படியும் ஏறும் என்பதால், இரண்டு குடும்பம் ஒரு மீட்டரில் இருந்தால் இருவருமே மேல் படிக்குப் போய்விடுவார்கள். கட்டணம் 2022 ஆகஸ்ட்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதமும் ஏறியபோதுதான் தனி மீட்டர் போட்டேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டியது.

சரி, மதில் கதைக்கு வருகிறேன்.

2023 ஆனி மாதம், தென்மேற்குப் பருவ மழை. ஹட்டன், வட்டவளைப் பக்கம் மழை பிடித்தால் விடாது. இரவு டீச்சர் கோல் எடுத்தார்.

“அக்கா, இங்க நல்ல மழை. ஆனா மதில்ல ரெண்டு பைப்புல தண்ணி வரல.”

“வராட்டி நல்லதுதானே டீச்சர்?”

“இல்லக்கா. வெளிய வராட்டி உள்ள நிக்குதுனு அர்த்தம். எங்கப்பா தோட்டத்துல தண்ணிக் கான் வெட்டினவரு.”

மறுநாள் போனேன். மதில் நடுவில் லேசாக வயிறு தள்ளியிருந்தது. ஆறு வருடமாக வந்துபோகிறேன், என் கண்ணில் படவில்லை. மேசன் பைப்புக்குள் கம்பியை விட்டுக் குத்தினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சாயத் தேத்தண்ணி நிறத்தில் கொஞ்சம் கசிந்தது, பின்னாலேயே எலி மாதிரி ஒரு வேர்க்கட்டி வந்து விழுந்தது. அப்புறம் தண்ணீர் பாய்ந்ததில் மேசனே இரண்டடி பின்வாங்கினார். மதிலின் ஒரு பகுதியைப் பிரித்து, பின்னால் சல்லி போட்டுக் கட்ட இரண்டரை லட்சம்.

நுவரெலியா போன்ற மண்சரிவு மாவட்டங்களில் புதிதாக வீடு கட்ட தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும். பழைய வீட்டை வாங்குகிற நாம் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. நானும் உறுதியைத்தான் முப்பது வருடத்துக்குத் தேடிப் பார்த்தேன், மலையைப் பார்க்கவில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயங்கள் புதைந்தன. அங்கே ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். தெரியாமல் நடந்ததல்ல அது. காணியில்லாத சனம் எங்கே போகும்?

அதே நிறுவனத்தின் அளவுகளை டீச்சரின் மகன் எழுதி வைத்திருக்கிறான்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். நேரான போத்தல் ஒன்றில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடு போட்டு முற்றத்தில் வைத்திருந்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது செம்மஞ்சள் கோட்டிலேயே கதவைப் பூட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது போத்தல் நிரம்பி வழிந்திருந்தது. மதில் நின்றது. மேல் ரோட்டில் மண் விழுந்து மூன்று நாள் பாதையில்லை.

மலைநாட்டில் வாடகைக்கு விட வீடு வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம், நிலையான வட்டிக்குக் கடன் கிடைத்தால் வாங்குங்கள் என்கிறேன். சீசன் காசை வருமானத்தில் சேர்க்காதீர்கள், வந்தால் வரட்டும். நல்ல மழை நாளில் போய் வீட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்தைத் தரகர் காட்டுவார். மேல் மாடியை இப்போது நொத்தாரிசு ஒப்பந்தத்தோடு ஒரு வங்கி ஊழியருக்கு விட்டிருக்கிறேன். சீசனில் வந்ததைவிடக் குறைவுதான், ஆனால் மாதா மாதம் வருகிறது. கீழ் வீட்டு வாடகையை எட்டு வருடத்தில் ஒரே தடவைதான் ஏற்றினேன், 22,000 ஆக.

டிசம்பர் ஐந்தாம் தேதி டீச்சரிடமிருந்து 18,500 வந்தது. கீழே ஒரு மெசேஜ்: “அக்கா, பைப் நாலும் குத்தி எடுத்தோம், கூலி 3,000. கம்பி 500. கம்பி வீட்டுலயே இருக்கு.”