ஜீலாண்டியா இரவு நடை, வெலிங்டன்: தவளைக்காகவே போனேன்

31 வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியவன் நான். மெழுகுத் தட்டில் தவளையை மல்லாத்திக் குண்டூசி குத்துவதற்கு முன்னால், "கண்ணுக்குப் பின்னாடி வட்டமா இருக்கு பாரு, அதான் செவிப்பறை" என்று காட்டுவது வழக்கம். வெலிங்டனில் இருக்கும் மகள், "கிவி பாக்கலாம்ப்பா" என்று இந்த நடைக்கு டிக்கெட் போட்டாள். எனக்குக் கிவிப் பறவை இரண்டாம்பட்சம்.

ஜீலாண்டியா நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் இருக்கும் வனவிலங்குச் சரணாலயம். முன்பு ஊருக்குக் குடிதண்ணீர் தந்த பள்ளத்தாக்கு இது. 225 ஹெக்டேரைச் சுற்றி 8.6 கிலோமீட்டர் வேலி. சுண்டெலி தவிர வேறு எலியோ பூனையோ உள்ளே வர முடியாது. கையில் சிவப்பு வெளிச்ச டார்ச் கொடுத்துவிடுகிறார்கள். அன்று பொசுபொசுவென்று தூறல். மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். தவளைக்காரனுக்கு அதுதானே வேண்டும்!

ஈரக் கல்லின் மேல் ஒரு ஹாமில்டன் தவளை. கட்டைவிரல் அளவு, காய்ந்த இலையின் நிறம். குனிந்து கண்ணுக்குப் பின்னால் தேடினேன். வட்டம் இல்லை. வெறும் தோல்தான். நம் தவளைபோல் கத்திக் கூப்பிடுவதும் கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி பெரும்பாலும் முடிந்துவிடும். குளத்தில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவம் இல்லை. பொரிந்த குஞ்சுகள் அப்பன் முதுகில் ஏறிக்கொள்ளும். வளர்ந்த தவளைக்கு வால் போய்விட்டது, ஆனால் வாலை ஆட்டும் தசை இன்னும் இருக்கிறது. முதுகெலும்பிலும் ஒரு கண்ணி கூடுதல். நான் கரும்பலகையில் வரைந்த படத்தில் பாதியை அழிக்க வேண்டும்போல.

குடும்பத்தின் பெயர் லியோபெல்மாடிடே. 1861இல் ஃபிட்ஸிங்கர் என்ற ஆஸ்திரியாக்காரர் பேரினத்துக்கு லியோபெல்மா என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'வழவழப்பான உள்ளங்கால்' என்று பொருள். சுமார் 20 கோடி வருஷத்துக்கு முன்பே மற்ற தவளைகளை விட்டுப் பிரிந்த வம்சம். அதன் உள்ளங்காலைப் பார்த்தா பெயர் வைப்பது? நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் பெபெகேதுவா என்கிறார்கள், வாய்க்கு அதுதான் இதம். ஆதித் தவளை என்றதும் அரைகுறைத் தவளை என்று நினைத்துவிடாதீர்கள். 30 வருஷத்துக்கு மேல் வாழ்கிற பிராணி அது.

வழிகாட்டிய பெண்ணிடம் செவிப்பறையைப் பற்றிக் கேட்டேன். சலிக்காமல் பதில் சொன்னார். என் பின்னால் நின்ற ஒருவர்தான் "கிவி எப்போ, கிவி எப்போ" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

ஐந்துக்கு ஐந்து. ஸ்வெட்டர் மட்டும் போதாது, மழைக்கோட்டும் வேண்டும். செருப்போடு போன என் விரல்கள் விறைத்தேவிட்டன. வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "கிவி பாத்தீங்களா?"

"கத்துற சத்தம் கேட்டுச்சும்மா."