காலையில் கூழா, இட்லியா?

சைதாப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு பக்கம் கூழ் வண்டி, எதிரே இட்லிக் கடை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு நான் கூழ் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

காரணம் நார்ச்சத்து. 100 கிராம் கேழ்வரகிலோ கம்பிலோ சுமார் 11 கிராம் நார் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. உளுந்து சேர்வதால் இட்லியில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். தினமும் 7 கிராம் நார் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு முதல் பக்கவாத அபாயம் சுமார் 7 சதவீதம் குறைவு என்று 2013-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அது அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியா மக்களின் கணக்கு. நார்தான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனாலும் கெட்ட கொழுப்பைக் குறைக்க நார் உதவும். சலிக்காத கேழ்வரகு மாவு 60 கிராம் கரைத்த கூழ் குடித்தால் அந்த 7 கிராம் ஏறக்குறைய வந்துவிடும்!

கூழில் எனக்குள்ள கவலை, தொட்டுக்கொள்ளும் மோர்மிளகாயும் ஊறுகாயும்தான். உப்பு கூடினால் ரத்த அழுத்தம் ஏறும், பக்கவாதத்துக்கு அதுவே பெரிய வாசல். "அண்ணே, உப்பு கம்மியா, சின்ன வெங்காயம் மட்டும்" என்று கேட்டு வாங்குவேன்.

இட்லியை விட மனமில்லையா? சாம்பாரில் அவரைக்காயும் முருங்கைக்காயும் நிறையப் போடுங்கள்.