டிவி விளம்பரத்துக்கு கேப்ஷன் போட்டு வாங்கிய அனுபவம்

நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிற ஒரு பல் மருத்துவமனைக்காக 30 விநாடி விளம்பரம் ஒன்று செய்து கொடுத்தோம். உள்ளூர் கேபிள் டிவியில் ஓட வேண்டியது. ஷூட்டிங், எடிட்டிங் எல்லாம் நானும் என் கூட்டாளியும் பார்த்துக்கொண்டோம், பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்டும் கேப்ஷனை மட்டும் வெளியில் கொடுத்தோம். இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டி வந்தது. ஒன்று வீண். இன்னொன்று, கொடுத்த காசுக்கு மேலேயே செய்து கொடுத்தார்கள். இங்கே சொந்தக் கடைக்கோ கிளினிக்குக்கோ டிவி விளம்பரம் கொடுக்கிற நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம். எதைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில் டாக்டரைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் டிவி நிகழ்ச்சிகளுக்கு கேப்ஷன் கட்டாயம், ஆனால் 5 நிமிடம் வரை ஓடும் விளம்பரங்களுக்கு எஃப்.சி.சி. (இங்கே ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையம்) விதியில் விலக்கு உண்டு. "சட்டமே கேக்கலைன்னா எதுக்கு இந்தச் செலவு?" என்றார். நியாயமான கேள்விதான். நான் என் மாமியாரைப் பற்றிச் சொன்னேன். அவருக்குக் காது மந்தம். டிவியில் கேப்ஷன் போட்டது போட்டபடியே இருக்கும். சில விளம்பரங்கள் வரும்போது எழுத்து நின்றுவிடும், உடனே என் பக்கம் திரும்பி, "இவன் என்னம்மா விக்கிறான்?" என்பார். டாக்டரின் விளம்பரமோ பல் செட்டுக்கும் இம்ப்ளான்ட்டுக்கும். அதைப் பார்க்கப் போவதே அந்த வயதுக்காரர்கள்தான். அதற்குமேல் டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. சரி, போட்டுடுங்க என்றார்.

1980-இல் இந்த ஊர் டிவியில் கேப்ஷன் தொடங்கியபோது தனியாக ஒரு பெட்டி வாங்கி மாட்டினால்தான் எழுத்து தெரியும். 1993 ஜூலையிலிருந்து 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவிகளில் அந்த வசதி உள்ளேயே இருந்தாக வேண்டும் என்று சட்டமாகிவிட்டது. பார்க்கிறவர் தன் பங்குக்கு ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்திவிட்டார். மீதி, விளம்பரம் கொடுக்கிறவர் கையில்தான் இருக்கிறது.

முதலில் கொடுத்தது ஒரு ஆன்லைன் சேவையிடம். டிவி ஒளிபரப்புக்கு என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தோம். சீக்கிரம் வந்தது, விலையும் குறைவு. ஆனால் வந்தது வெறும் எஸ்.ஆர்.டி. கோப்பு, அதாவது வசனமும் அது வரும் நேரமும் மட்டும் உள்ள தனி எழுத்துக் கோப்பு. யூடியூபில் ஏற்ற அது போதும். கேபிள்காரர்கள் கேட்டது வீடியோ கோப்புக்குள்ளேயே 608, 708 கேப்ஷன் (டிவிக்கான பழைய முறையும் டிஜிட்டல் முறையும்) பதிந்து வருவது. திருப்பிக் கேட்டால் ஆயத்தப் பதில்தான் வந்தது, பேச ஆளே கிடைக்கவில்லை. போதாததற்கு டாக்டரின் பெயரையும் தப்பாகப் போட்டிருந்தார்கள். காசு போனது போனதுதான்.

இரண்டாவது, ஒளிபரப்பு வேலை மட்டுமே செய்கிற ஒரு சின்ன நிறுவனம். போனை எடுத்த பெண்மணி விலையைச் சொல்வதற்கு முன்னாலேயே கேள்விகளை ஆரம்பித்துவிட்டார். எந்த கேபிளுக்குப் போகிறது, கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் கொடுத்த ஸ்பெக் தாள் இருக்கிறதா, ஃபிரேம் ரேட் (விநாடிக்கு ஓடும் படங்களின் எண்ணிக்கை) 29.97-ஆ 23.976-ஆ, திரையில் போன் நம்பர் எங்கே வருகிறது, எப்போது வருகிறது. கடைசிக் கேள்வியைக் கேட்டதுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எங்கள் விளம்பரத்தின் கடைசி 8 விநாடி, நம்பர் திரையின் அடியில்தான் நிற்கிறது. கேப்ஷனும் வழக்கமாக அடியில்தான் வரும். அப்படியே விட்டிருந்தால், எந்த நம்பருக்காக டாக்டர் இவ்வளவு செலவு செய்கிறாரோ அதன் மேலேயே எழுத்து உட்கார்ந்திருக்கும். இவர்கள் அந்த இடம் வந்ததும் எழுத்தைத் திரையின் மேல் வரிசைகளுக்கு ஏற்றிவிட்டார்கள். நாங்கள் சொல்லவே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது விளம்பரத்தின் தொடக்கத்தை அவர்கள் கையாண்ட விதம். 608 என்கிற பழைய முறையில் ஒரு ஃபிரேமுக்கு இரண்டு எழுத்துதான் போகும், விநாடிக்குக் கிட்டத்தட்ட 60. ஒரு வரியில் 32 எழுத்து பிடிக்கும். இரண்டு வரி நிறைய வசனம் இருந்தால், அது டிவிக்குள் போய்ச் சேரவே ஒரு விநாடிக்கு மேல் ஆகிவிடும், அதற்கு அப்புறம்தான் திரையில் தோன்றும். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் முந்தைய வசனம் ஓடும்போதே அடுத்ததை அனுப்பிவிடலாம். எங்கள் விளம்பரத்திலோ படம் வந்ததுமே குரல் தொடங்கிவிடுகிறது, முன்கூட்டி அனுப்ப இடமே இல்லை. அதனால் முதல் வாக்கியத்தை உடைத்து, முதலில் மூன்று சொல் மட்டும் வரும்படி செய்தார்கள். அது சட்டென்று வந்துவிடுகிறது, மீதி அதன் பின்னாலேயே வருகிறது. பார்க்கிறவருக்கு எதுவும் பிந்தியது போலவே தெரியாது.

முடிவிலும் இதே அக்கறைதான். கடைசி கேப்ஷனை அழிக்கச் சொல்லும் கட்டளை, விளம்பரம் முடிவதற்குள் போயாக வேண்டும். போகாவிட்டால் நம் எழுத்து அடுத்த விளம்பரத்தின் மேலும் தொங்கிக்கொண்டு நிற்கும். கார் ஓடிக்கொண்டிருக்கும், அடியில் 'இலவசப் பல் பரிசோதனை' என்று இருக்கும். இதை நானே டிவியில் பார்த்திருக்கிறேன், வேறு யாரோ செய்த விளம்பரத்தில். இவர்கள் கடைசிச் சில ஃபிரேம்களைக் காலியாக விட்டிருந்தார்கள். நடுவில் போன் மணி அடிப்பதும், முடிவில் வரும் பாட்டுக்கு இசைக்குறியும்கூட விடாமல் வந்திருந்தது.

2014-இல் எஃப்.சி.சி. கேப்ஷன் தரத்துக்கென்று நான்கு விஷயம் சொன்னது: சொல் சரியாக இருக்க வேண்டும், ஒலியோடு ஒத்துப்போக வேண்டும், ஆரம்பம் முதல் முடிவு வரை இருக்க வேண்டும், படத்தில் முக்கியமானதை மறைக்கக் கூடாது. நிகழ்ச்சிகளுக்காகச் சொன்னதுதான், ஆனால் விளம்பரத்தைச் சரிபார்க்கவும் இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. ஆன்லைன்காரர்கள் முதலாவதிலேயே விழுந்தார்கள். நாலாவதைப் பற்றி அவர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை.

கட்டணம் 30 விநாடிக்கு 175 டாலர், கேப்ஷன் பதிந்த வீடியோவும், தனியாக எஸ்.சி.சி. கோப்பும் (608 கேப்ஷன் மட்டும் உள்ளது) சேர்த்து. நிமிடக் கணக்கில் பார்த்தால் அதிகம்தான். ஆனால் விளம்பரத்துக்கு நிமிடக் கணக்கு பொருந்தாது. அரை நிமிடத்தில் ஒரே ஒரு வசனம் தப்பினாலும் விளம்பரத்தில் பெரிய பங்கு போய்விடும், அதுவும் ஒரே நாளில் பல தடவை ஓடும். ஒளிபரப்புக்குக் கொடுக்கிற பணத்தோடு ஒப்பிட்டால் இது சில்லறைச் செலவு.

கொடுப்பதற்கு முன் எடிட்டிங்கை முழுசாக முடித்துவிடுங்கள். கேப்ஷன் பதிந்த கோப்பை மறுபடி எடிட்டிங் மென்பொருளில் திறந்து எக்ஸ்போர்ட் செய்தால் கேப்ஷன் சத்தமில்லாமல் காணாமல் போக வாய்ப்பு உண்டு. லோகோவில் சின்ன மாற்றம் என்றாலும் படத்தைத் திருத்தி, திரும்ப அவர்களிடமே கொடுத்துப் பதிய வைப்பதுதான் நல்லது. அதற்கு இவர்கள் பாதிக் கட்டணம் வாங்குகிறார்கள்.

குறை என்றால் ஒன்றுதான். சனி, ஞாயிறு வேலை செய்வதில்லை, அவசரத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. வெள்ளி மாலை அனுப்பினால் திங்கள்கிழமைதான் கையில் எடுப்பார்கள். பொங்கல், தீபாவளி நேரத்தில் விளம்பரம் ஓட்ட நினைக்கிற கடைக்காரர்கள் ஒரு வாரம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.