எம்.எஸ். நோய்: மரபணுவைக் கேட்பதா, ரத்தத்தைக் கேட்பதா?

வீட்டில் ஒருவருக்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் (எம்.எஸ்.), அதாவது உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்பிழைகளின் உறையைத் தாக்கும் நோய், என்று தெரிந்துவிட்டால், கூடப்பிறந்தவர்களுக்கு "எனக்கும் வருமோ" என்ற பயம் வந்துவிடும். மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

மரபணுக்களில் முதலிடம் ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ-டிஆர்பி1*15:01 வகைக்கு. புரதத் துணுக்குகளை ஏந்திப் பிடித்து, "இது யார் பார்" என்று டி செல்கள் எனும் நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டுவது இதன் வேலை. இது இருந்தால் ஆபத்து சுமார் 3 மடங்கு. 2019இல் வந்த பெரிய ஆய்வு, நோயோடு தொடர்புடைய 233 மரபணு மாறுபாடுகளைப் பட்டியலிட்டது. ஆனால் மரபணு அச்சாக ஒன்றாயிருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு எம்.எஸ். வந்தாலும், மற்றவருக்கு வருவது ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான்.

மறுபக்கம் எப்ஸ்டீன்-பார் வைரஸ். அமெரிக்க ராணுவத்தினர் 1 கோடிப் பேரின் பதிவுகளை வைத்து 2022இல் வெளியான ஆய்வில், தொற்றுக்குப் பின் ஆபத்து 32 மடங்கானது. மரபணுவின் 3 மடங்கு இதன் பக்கத்தில் சின்னது. ஆனால் வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வைரஸ் தொற்றியிருக்கும்; எம்.எஸ். வருவது மிகச் சிலருக்கே. வைரஸும் தனியாக விடை சொல்லாது.

வைட்டமின் டி குறைவு ஆபத்தைக் கூட்டுகிறது என்பதை மரபணு ஆய்வுகளும் ஆதரிக்கின்றன. சரி, நோய் வந்தபின் மாத்திரை உதவுமா? 2023இல் முடிவு வெளியான ஒரு சோதனையில், வழக்கமான மருந்தோடு தினமும் 5000 யூனிட் எடுத்தவர்களுக்கும் 600 யூனிட் எடுத்தவர்களுக்கும் நோய்த் தாக்குதலில் வித்தியாசம் தெரியவில்லை.

நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்பது வேறு கணக்கு. நோயை வரவழைக்கும் மாறுபாடுகள் அதன் தீவிரத்தைச் சொல்வதில்லை. 2023இல் 12,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் தேடியபோது கிடைத்தது வேறொரு மாறுபாடு. பெற்றோர் இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களுக்கு ஊன்றுகோல் தேவைப்படும் நாள் சுமார் 4 ஆண்டு முன்னதாகவே வந்தது. அதன் அருகிலுள்ள மரபணுக்கள் இயங்குவது மூளை, தண்டுவடச் செல்களில்.

அன்றாடச் சிகிச்சைக்கு நான் நம்புவது ரத்தத்தை. நரம்பிழை சிதையும்போது உள்ளிருக்கும் நியூரோஃபிலமென்ட் புரதம் கசிந்து, மிக நுண்ணிய அளவில் ரத்தத்தில் சேர்கிறது. மரபணு பிறந்த அன்று சொன்னதையே சொல்லும்; இந்த அளவு, மருந்து கேட்கும்போது இறங்கும், புதிய தாக்குதலில் ஏறும். வயதோடும் கூடும் என்பதால் ஒரே ஒரு முடிவை வைத்துப் பதற வேண்டாம். அதே நபரின் முந்தைய அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.