விஸ்காம் படிப்பில் கியூஜிஐஎஸ்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கியூஜிஐஎஸ் ஒரு வரைபட மென்பொருள், வடிவமைப்பாளர்களுக்காக உருவானது அல்ல. நில அளவை, நகரத் திட்டமிடல், வனம், பேரிடர் மேலாண்மை என்று நிலத்தோடு வேலை செய்கிறவர்களுக்கானது. 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கியது, முழுக்க இலவசம், மூல நிரலும் திறந்தது. திறந்த உடனே திரையின் நான்கு பக்கமும் பொத்தான்கள் வரிசை கட்டி நிற்கும். போட்டோஷாப் பழகிய கைக்கு எதுவும் எங்கேயும் இருக்காது. விஸ்காம் என்ற காட்சித் தொடர்பியல் படிப்பில் சேர்ந்த முதல் ஆண்டில் நிறுவினேன், இறுதி ஆண்டு ஒப்படைப்பு வரைக்கும் அதை விடவில்லை. என் புராஜெக்ட்கள் பெரும்பாலும் வரைபடத்தையும் கட்டத்தையும் சுற்றியே அமைந்துவிட்டன என்பதுதான் காரணம்.

ஊர் பெயரைத் தட்டினால் தெருக்களை அழகான போஸ்டராகத் தந்துவிடும் இணைய சேவைகள் நிறைய இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவற்றையும் பயன்படுத்திப் பார்த்தேன். படம் நன்றாகத்தான் வரும். ஆனால் கும்பகோணமும் கோபன்ஹேகனும் ஒரே சாயலில் இருக்கும். கறுப்புப் பின்னணி, தங்கநிறக் கோடு, கீழே அகலமாக எழுத்து. எந்தத் தெரு தடிமன், எந்தக் குளம் முக்கியம், எதை விட்டுவிடலாம் என்பதையெல்லாம் வேறு யாரோ முன்பே தீர்மானித்துவிட்டார்கள். கியூஜிஐஎஸ் எதையும் தீர்மானிப்பதில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, பொதுமக்களே சேர்ந்து வரையும் திறந்த வரைபடத்தின் தரவை உள்ளே கொண்டுவந்தால் எல்லாக் கோடுகளும் ஏதோ ஒரு நிறத்தில் ஒரே தடிமனில் வந்து விழும். பார்க்கவே சகிக்காது. அங்கிருந்து ஒவ்வொன்றுக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அதில்தான் படிப்பு நடந்தது.

ஒரு சதுர கிலோமீட்டர் என்று ஒரு தொடர் செய்தேன். ஐந்து ஊர்கள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே அளவு சதுரம், ஒரே அளவுத் தாளில். மதுரை, புதுச்சேரி, ஜெய்ப்பூர், சண்டிகர், பார்சிலோனா. ஐந்தும் ஏதோ ஒரு விதத்தில் கட்டம் போட்டு வளர்ந்த ஊர்கள்தான். மதுரையில் கோயிலை நடுவில் வைத்தால் சித்திரை வீதியும் ஆவணி மூல வீதியும் ஒன்றுக்குள் ஒன்றாக முழுதாக உள்ளே வந்துவிடும். பார்சிலோனாவில் 1859-இல் இல்டெபோன்ஸ் செர்தா போட்ட திட்டத்தில் ஒரு மனைத்தொகுதி 113 மீட்டர், தெரு 20 மீட்டர். கிலோமீட்டருக்கு ஏழரைத் தொகுதி என்று அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக வரும், மூலைகள் எல்லாம் வெட்டப்பட்டிருக்கும். சண்டிகரில் ஊரைப் பிரித்திருக்கும் செக்டார் என்ற பகுதி ஒன்றே 800-க்கு 1200 மீட்டர். என் சதுரத்துக்குள் அது முழுதாக அடங்கவே இல்லை. நடக்கிறவனுக்காகப் போட்ட கட்டம் எது, காருக்காகப் போட்ட கட்டம் எது என்று தனியாக ஒரு வரிகூட எழுத வேண்டியிருக்கவில்லை. ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாலே தெரிந்துவிட்டது.

இந்த வேலைக்கு கியூஜிஐஎஸ்ஸை விட்டால் எனக்கு வேறு வழியே இல்லை. ஏன் என்றால் ஒரே அளவு என்பது கேட்பதற்குத்தான் எளிது. இணைய வரைபடங்கள் எல்லாம் வெப் மெர்கேட்டர் என்ற தட்டையாக்கும் முறையில் இருக்கின்றன. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அதில் ஊர் பெரிதாகிக்கொண்டே போகும். அந்த முறையில் ஆயிரம் மீட்டர் என்று நாம் கொடுக்கும் சதுரம் சென்னையில் உண்மையில் சுமார் 974 மீட்டர், பார்சிலோனாவில் சுமார் 750 மீட்டர்தான். அதாவது இரண்டையும் திரையில் பார்த்து வெட்டி ஒட்டினால், பார்சிலோனாவின் தொகுதிகள் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கியூஜிஐஎஸ்ஸில் பின்னணிக்காக முதலில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் படத்தைச் சேர்த்தால் புராஜெக்டே அந்த முறைக்குப் போய்விடும், எச்சரிக்கை எதுவும் வராது. கீழ் வலது மூலையில் அந்த முறையின் குறியீட்டு எண்ணான 3857 என்று சின்னதாக எழுதியிருக்கும், அவ்வளவுதான்.

தீர்வு, அந்தந்த ஊருக்கான யூடிஎம் மண்டலத்துக்கு மாற்றிக்கொள்வது. பூமியை நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை அது, குறியீட்டு எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் மண்டல எண். சென்னை, மதுரை, புதுச்சேரிக்கு 32644. ஜெய்ப்பூருக்கும் சண்டிகருக்கும் 32643. பார்சிலோனாவுக்கு 32631. இன்னொன்று, தமிழ்நாட்டுக்குள்ளேயே 78 பாகை கிழக்கு தீர்க்கக்கோடு ஓடுகிறது, மண்டலம் அங்கே மாறுகிறது. மதுரை அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கிழக்கே இருப்பதால் 44, திண்டுக்கல் சற்று மேற்கே இருப்பதால் 43, கோவையும் 43. ஒரு ஊருக்கான போஸ்டருக்கு இதனால் பெரிய வித்தியாசம் வராது. இரண்டு ஊரை அளவோடு ஒப்பிடும்போது கவனியுங்கள்.

கட்டம் போடும் கருவி இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது. புள்ளி, கோடு, செவ்வகம், சாய்சதுரம், அறுகோணம் என ஐந்து வகை. இடைவெளியைக் கொடுத்தால் போதும், நிலத்தின் மீது கட்டம் விரிந்துவிடும். புள்ளிக் கட்டம் போட்டால் கோலத்துக்கு வைக்கும் நேர்ப்புள்ளி கிடைக்கும். ஊடுபுள்ளிக்கு நேரடி வழி இல்லை. அறுகோணம் போட்டு, ஒவ்வொன்றின் மையத்தையும் எடுக்கச் சொன்னால் அப்படியே ஊடுபுள்ளி வந்து நிற்கும்! இதைக் கண்டுபிடித்த பிறகு மயிலாப்பூரைக் கோலமாக்கும் புராஜெக்ட்டைத் தொடங்கினேன். தெருக்கள் எத்தனை இடத்தில் சந்திக்கின்றன என்று ஒவ்வொரு அறுகோணத்திலும் எண்ணி, அதற்கேற்பப் புள்ளியைப் பெரிதாக்கினேன். மாட வீதிகளைச் சுற்றி, சந்தும் முடுக்குமாக இருக்கும் பகுதியில் புள்ளிகள் கனத்துக் கிடந்தன. குளம் இருக்கும் இடத்தில் புள்ளியே இல்லை. சிக்குக் கோடுகளை மட்டும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கையால் போட்டேன். அத்தை பார்த்துவிட்டு, "ஊடுபுள்ளி சரிதான், ஆனா கோடு எங்கே வந்து சேருது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. குளத்துப் பக்கம் புள்ளி விடுபட்டதால் கோடு மூடவில்லை. அதை அப்படியே விட்டேன். தேர்வாளர்கள் அதிகம் பேசியது அந்த இடத்தைப் பற்றித்தான்.

இதே புராஜெக்ட்டில்தான் தரவைப் பற்றிய சந்தேகமும் வந்தது. தெருச் சந்திப்புகளைக் கண்டுபிடிக்கும் கருவி, ஒரே சந்திப்பை இரண்டு மூன்று முறை எண்ணும். நகல்களை நீக்க வேண்டும். அப்புறம் ஒரே சாலை நடுவில் பெயர் மாறினாலோ பாலத்தில் ஏறினாலோ ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அது இரண்டு கோடாகப் பிரிந்திருக்கும், கருவி அதையும் சந்திப்பு என்று எடுத்துக்கொள்ளும். கணக்கு மட்டும் பார்த்தால் தெரியாது. ஊர் தெரிந்தவர் உட்கார்ந்து பார்த்துக் களைய வேண்டும். கட்டடங்களின் நிலைமை இதைவிட மோசம். ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு வரைந்திருப்பார்கள், அடுத்த தெருவில் ஒன்றுகூட இருக்காது. போஸ்டரில் அது காலி மனைபோலத் தெரியும். கட்டடம் வேண்டாம், தெருவும் நீரும் போதும் என்று நான் முடிவுக்கு வந்தது அழகுக்காக அல்ல, இதனால்தான்.

பழைய வரைபடத்தை இன்றைய நிலத்தின் மீது பொருத்தும் ஜியோரெபரன்சர் வசதியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தியாகராய நகர் 1920-களில் ஏரியைத் தூர்த்து உருவான குடியிருப்பு. அந்த நீண்ட ஏரி இருந்த காலத்தில் அச்சான ஒரு சென்னை வரைபடத்தை எடுத்து, இன்றும் அதே இடத்தில் இருக்கும் கோயில், பாலம், ரயில் பாதை வளைவு ஆகியவற்றைப் பொருத்துப்புள்ளிகளாகக் கொடுத்தேன். புள்ளிகளை ஓரத்தில் மட்டும் வைக்காமல் படம் முழுக்கப் பரப்ப வேண்டும். ஏரியின் விளிம்பு உஸ்மான் சாலைக் கடைகளுக்கு மேல் வந்து படிந்ததைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இன்னும் இருக்கிறது. பெயர்ப்பலகை மட்டும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் போஸ்டரில் தெருக்களை மெல்லிய சாம்பலிலும் ஏரியை ஒரே ஒரு நீலத்திலும் போட்டேன், வேறு எதுவும் இல்லை. இதுவரை செய்ததில் எனக்குப் பிடித்தது அதுதான்.

இனி குறைகள். தமிழில் பெயர் போடுவதுதான் முதல் தலைவலி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பல தெருக்களுக்குத் தமிழ்ப் பெயர் தனிப் புலத்தில் இருக்கும், பலவற்றுக்கு இருக்காது. தமிழ் இருந்தால் தமிழைக் காட்டு, இல்லாவிட்டால் ஆங்கிலத்தைக் காட்டு என்று ஒரு வரிக் கட்டளை எழுதிக்கொள்ளலாம். எழுதினால் படத்தில் இரண்டு மொழியும் கலந்து நிற்கும். அதைவிட நுட்பமான சிக்கல் நீளம். கிழக்கு ஆவணி மூல வீதி என்பது அந்தத் தெருவின் கோட்டுக்குள் அடங்காவிட்டால், கியூஜிஐஎஸ் அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஒன்றோடு ஒன்று மோதும் பெயர்களையும் மறைத்துவிடும். தானியங்கி அமைப்பை நம்பினால் ஒரே அளவு எழுத்தில் தமிழ் வரைபடத்தில் ஆங்கில வரைபடத்தைவிடக் குறைவான தெருக்களுக்கே பெயர் இருக்கும். நான் தொடங்கிய காலத்துப் பதிப்பில் வளைந்த தெருவின் மீது எழுதச் சொன்னால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் சாய்ந்து நின்றன. இப்போது பரவாயில்லை. என்றாலும் பெயர்களை இங்க்ஸ்கேப்பில் கையால் வைப்பதே என் வழக்கம். நேரம் பிடிக்கும், ஆனால் வேறு வழி தெரியவில்லை.

ஏற்றுமதி அடுத்தது. கோடுகளைக் கோடுகளாகவே சேமிக்கும் எஸ்விஜி கோப்பாக எடுக்கும்போது லேயர்களைத் தனித்தனிக் குழுவாக எடுக்கும் தேர்வு இருக்கிறது, அதை மறக்காமல் போடுங்கள். இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான கோடுகள் ஒரே குவியலாக வந்து சேரும். லேயருக்கு மொத்தமாக ஒளிபுகும் தன்மையோ கலப்பு முறையோ கொடுத்தால் அந்தப் பகுதி கோடாக வராது, புள்ளிப்படமாக மாறிவிடும். ஏ2 அளவில் அச்சடித்தால் அதன் விளிம்பு பிசிறும். மென்மை வேண்டுமென்றால் நிறத்திலேயே மாற்றுங்கள், லேயரில் வேண்டாம். நிறம் என்றதும் இன்னொன்று. நான் பயன்படுத்தும் பதிப்பு, திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில்தான் கோப்பைத் தருகிறது. அச்சகத்தில் அதை நான்கு வண்ணத்துக்கு மாற்றும்போது மெல்லிய கறுப்புக் கோடு நான்கு மையாகப் பிரிந்து, மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது சற்று விலகினாலும் நிழல் தட்டும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் இந்தத் தொல்லை இல்லை. புதுச்சேரியின் கட்டத்தைத் துணிப்பையில் இரண்டு நிறத்தில் அடித்தோம், தெருவுக்கு ஒரு ஸ்கிரீன், கால்வாய்க்கும் கடலுக்கும் ஒரு ஸ்கிரீன். லேயர்கள் முன்பே பிரிந்திருந்ததால் பிலிம் எடுக்க ஐந்து நிமிட வேலை.

அடிப்படையான ஒரு எல்லையும் உண்டு. நிலம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் இது காட்டும், நிலத்தை வளைக்க விடாது. ரயில் வழித்தடங்களைச் சென்னைக்கு ஒரு திட்டப்படமாகச் செய்யலாம் என்று கடற்கரை–தாம்பரம், கடற்கரை–வேளச்சேரி பாதைகளை எடுத்தேன். 1933-இல் லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக்கின் படம் வந்தபோது, கோடுகள் எல்லாம் நேராகவோ 45 பாகையிலோதான் ஓடின, நிலையங்களுக்கு இடையிலான உண்மைத் தூரம் தூக்கி எறியப்பட்டிருந்தது. பயணிக்கு அடுத்த நிலையம் எது, எங்கே மாற வேண்டும் என்பது தெரிந்தால் போதும் என்பது அவர் வாதம். 1972-இல் மாசிமோ விக்னெல்லி நியூயார்க்குக்கு இன்னும் துணிந்து செய்தார். சென்ட்ரல் பார்க்கே சதுரமாகிவிட்டது, ஊர்க்காரர்களுக்குப் பொறுக்கவில்லை, 1979-இல் மாற்றிவிட்டார்கள். இந்த மாதிரி வேலைக்கு கியூஜிஐஎஸ் உதவாது. நிலையங்களின் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, இங்க்ஸ்கேப்பின் கட்டத்தில் ஒட்டி ஒட்டித்தான் வரைய வேண்டும். அளவு முக்கியமான இடத்தில் கியூஜிஐஎஸ், அளவை மீற வேண்டிய இடத்தில் இங்க்ஸ்கேப் என்று பிரித்துக்கொண்டேன்.

நிறுவ நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். நீண்டகால ஆதரவுப் பதிப்பை எடுங்கள், செமஸ்டர் நடுவில் புதிய பதிப்புக்கு மாறாதீர்கள். தென்னிந்தியத் தரவு முழுவதையும் இறக்கினால் சாதாரண மடிக்கணினி திணறும். குயிக்ஓஎஸ்எம் என்ற பிளக்இன் மூலம் உங்களுக்குத் தேவையான சதுரத்தை மட்டும் கேளுங்கள். போஸ்டரில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் என்ற நன்றிக்குறிப்பு கட்டாயம், அது உரிமத்தின் நிபந்தனை. இடம் இல்லை, வடிவம் கெடுகிறது என்று சாக்குச் சொல்லாமல், ஆரம்பத்திலேயே ஓரத்தில் ஒரு வரிக்கு இடம் ஒதுக்கிவிடுங்கள். இந்தியா முழுவதையும் வரைகிறீர்கள் என்றால் எல்லைக்கோட்டை மட்டும் சர்வே ஆப் இந்தியா வெளியிட்டதிலிருந்து எடுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் எல்லை அதோடு ஒத்துப்போகாது, அச்சுக்குப் போனால் சட்டச் சிக்கல் வரும்.