3,500 ரூபாய் வக்கீல் நோட்டீஸ்: நூல் சப்ளை மட்டும் உபரி

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு 80 பக்க கேட்டலாக் வடிவமைக்க ஒப்புக்கொண்டிருந்தேன். பக்கத்துக்கு 800 ரூபாய், அட்வான்ஸ் 16,000. 52 பக்கம் அனுப்பிய நிலையில், "சீசன் முடிஞ்சுதுங்க, இதோட நிறுத்திக்கலாம்" என்றார்கள். சரி, மீதியைக் கொடுங்கள் என்றால், "வேலையே முடியலையே, எதுக்குங்க பணம்?" நிறுத்தச் சொன்னதே அவர்கள்தான்!

நாலு மாதம் ஃபோனில் அலைந்தபின், கோவை கோபாலபுரத்தில் ஒரு வக்கீலிடம் நோட்டீஸ் அனுப்பப் போனேன். கட்டணம் 3,500, தபால் செலவு உட்பட.

கொடுத்த காசுக்குப் பெரிய பலன் நோட்டீஸ் எழுதுவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. முழு 64,000-த்தையும் கேட்க வேண்டும் என்று கொதித்துக்கொண்டு போயிருந்தேன். "ஏம்மா, செய்யாத 28 பக்கத்துக்கு எப்படிக் கேட்பீங்க?" என்றவர், எந்தப் பக்கம் எந்தத் தேதியில் போனது, யார் ஓகே சொன்னார்கள் என்று வாட்ஸ்அப்பையும் மெயிலையும் பார்த்து என்னையே எழுத வைத்தார். 52 பக்கத்துக்கு 41,600. அட்வான்ஸ் போக 25,600.

பக்கக் கணக்கைவிட அவருக்குப் பிடித்தது இன்னொன்று. நான் செய்த பக்கங்களில் 11-ஐ அவர்கள் தங்கள் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இல்லையே என்று பயந்தேன். மெயிலில் பேசியதே ஒப்பந்தம்தான் என்றார். துணைக்கு 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவையும் சேர்த்தார். சும்மா செய்து தருகிற எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்கிற பிரிவு. அந்த 11 படங்களையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இணைத்தோம்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு நாளில் தருகிறேன் என்ற நோட்டீஸுக்கு ஒன்பது நாள் ஆனது. கேட்டால், "கேஸ் போடக் காலக்கெடு மூணு வருஷம் இருக்கும்மா" என்கிறார். வந்த வரைவின் நாலாவது பத்தியில், 'எனது கட்சிக்காரர் நூல் சப்ளை செய்த வகையில்' என்று இருந்தது. யாருடைய நோட்டீஸையோ எடுத்து அதன்மேல் தட்டியிருக்கிறார்கள். நான் படித்ததால் பிழைத்தது. அனுப்புவதற்கு முன் வரி விடாமல் படியுங்கள்.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. முதலாளி கையெழுத்து இல்லை, கம்பெனி சீலும் செக்யூரிட்டி கிறுக்கலும்தான். அதுவே போதும் என்றார் வக்கீல். (2025-இல் ரெஜிஸ்டர் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். எங்கள் வக்கீலுக்கு எல்லாமே இன்னும் 'ஆர்.பி.ஏ.டி.'தான், அதாவது ஒப்புகை அட்டையோடு போகும் பழைய ரெஜிஸ்டர் தபால்.)

நோட்டீஸில் கொடுத்த கெடு 15 நாள். பன்னிரண்டாம் நாள் கணக்காளர் கூப்பிட்டார். "ஏனுங்க, இதுக்கெல்லாம் வக்கீல் வரைக்கும் போகணுமா? ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமுங்களே." என் மொபைலில் அவர் எடுக்காத அழைப்புகள் 19.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். எல்லா முதலாளியும் காகிதத்துக்கு மசிய மாட்டார்கள், கோர்ட் என்றால் செலவும் வேறு, காலமும் வேறு. எனக்கு அன்று சாயங்காலமே 25,000 வந்தது. மிச்ச 600-ஐ "ரவுண்டா விட்டுடுங்க" என்றார்கள். விட்டுவிட்டேன், ஆனால் 11 படங்களும் இன்னும் அவர்கள் பக்கத்தில்தான் இருக்கின்றன.