ஹாட் டப்: எப்போதும் சூடாக வைப்பதா, தேவைப்படும்போது சூடேற்றுவதா?

ஹாட் டப் என்னும் வெந்நீர்த் தொட்டியை "அணைத்துவிட்டு மறுபடி சூடேற்றினால்தான் கரண்ட் அதிகம் இழுக்கும்" என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் வெப்ப வித்தியாசம் கூடக்கூட இழப்பும் கூடும். ஆறிய தொட்டி குறைவாகவே இழக்கும்.

1,500 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் ஏற்ற ஏறக்குறைய 1.75 யூனிட் ஆகும். 28 டிகிரியிலிருந்து 38-க்குக் கொண்டுவர 17 யூனிட்டுக்கு மேல்; 3 கிலோவாட் ஹீட்டருக்கு ஆறு மணி நேர வேலை. அப்படியும், வாரம் ஒருமுறைதான் இறங்குவீர்கள் என்றால் ஆறவிடுவதே லாபம். (உறைபனிக் காலத்தில் மட்டும் முழுதாக அணைக்காதீர்கள், குழாய் வெடித்துவிடும்.)

தினமும் இறங்குபவர்கள் கதை வேறு. நல்ல மூடி இருந்தால் ராத்திரியில் சூடு கொஞ்சம்தான் இறங்கும். அணைத்து மிச்சம் பிடிப்பது சொற்பம். அணைக்காமல் அப்படியே விட்டுவிடலாம். நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறுமானால் மலிவான நேரத்துக்கு டைமர் வையுங்கள்.

எந்த வழியானாலும் மூடியைக் கவனியுங்கள். 1 லிட்டர் ஆவியாகப் போனாலே சுமார் 0.67 யூனிட் போச்சு. வாங்கியபோது லேசாக இருந்த மூடி இப்போது கனக்கிறதா? உள்ளிருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறது, மாற்றிவிடுங்கள்.